குறி தவறாத மருந்து: புற்றுநோயைத் தேடிச் செல்லும் நுண்கருவிகளின் வரலாறு

சில மாதங்களுக்கு ஒருமுறை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி வலம் வருகிறது. இரத்தக் குழாய் ஒன்றினுள் சிலந்தி போன்ற சிறு இயந்திரம் நீந்திச் செல்கிறது. புற்றுக்கட்டியைக் கண்டதும் அதைப் பற்றிக்கொண்டு மருந்தைச் செலுத்துகிறது, கட்டி கரைந்துபோகிறது. ‘புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது, இனி கீமோ தேவையில்லை’ என்ற வரி அதன் கீழே இருக்கும்.

வீட்டில் ஒருவருக்கு அந்நோய் இருக்கும்போது இவ்வரியை எளிதில் கடந்துவிட முடிவதில்லை. உம்மாவுக்குக் குறித்திருக்கும் அடுத்த கீமோவைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் புதிய சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தோன்றுகிறது. அந்தத் தள்ளிவைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. புற்றுநோய் நம் விசாரணை முடியும்வரை காத்திருக்கும் நோயன்று.

அக்காணொளி முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. உடலினுள் சென்று நோயிருக்கும் இடத்தில் மட்டும் மருந்தைச் சேர்க்கும் நுண்கருவிகளை ஆய்வுக்கூடங்களில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவை எங்கிருந்து புறப்பட்டன, இன்று எதுவரை வந்திருக்கின்றன என்பதை வரலாற்றின் வழியே பார்த்தால், எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

சரதான் என்னும் நண்டு

அரபு மொழியில் புற்றுநோய்க்குச் ‘சரதான்’ என்று பெயர். நண்டுக்கும் அதே சொல்தான். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியதால் கிரேக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். அரபு மருத்துவர்களும் அவ்வழக்கையே மேற்கொண்டனர்.

கி.பி. 10ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் 30 பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அறுவை மருத்துவத்துக்கென அமைந்த அதன் இறுதிப் பகுதியில் புற்றுநோய் குறித்தும் பேசுகிறார். கட்டி சிறிதாகவும் தொடக்க நிலையிலும் இருந்து, முழுவதையும் அகற்றக்கூடிய உறுப்பில் அமைந்திருந்தால் வெட்டி நீக்கலாம். முற்றிப் பெருத்துவிட்டால் அதன் அருகே செல்லக்கூடாது என்பது அவர் தரும் அறிவுரை. அவ்வாறு முற்றிய நோயைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்திய வேறொருவரைக் கண்டதும் இல்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்த இப்னு சீனாவும் (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில், தொடக்கநிலைக் கட்டியையே கட்டுப்படுத்த இயலும் என்றும், அறுப்பதாயின் சுற்றியுள்ள பகுதியையும் சேர்த்தே நீக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார்.

நோயைத் தந்தவன் அதற்குரிய மருந்தையும் வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாம். அம்மருந்தைத் தேடிக் கண்டடையும் உழைப்பு மனிதர்களிடம் விடப்பட்டிருக்கிறது. அந்த இருபெரும் மருத்துவர்களிடம் கத்தி இருந்தது, சூட்டுக்கோல் இருந்தது, மூலிகைகளும் இருந்தன. கத்தி எட்டாத இடத்துக்குச் சென்று சேரும் மருந்துதான் இல்லை.

குருதி செல்லும் பாதை

மருந்தைச் செலுத்த வேண்டுமாயின் முதலில் பாதை தெரிய வேண்டும். குருதி கல்லீரலில் உருவாகி, உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவழிந்துவிடுகிறது என்பதே கிரேக்க மருத்துவர் காலன் காலம் முதல் நிலவிய கருத்து. இதயத்தின் வலப்பக்கக் குருதி நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார்.

திமிஷ்க் நகரில் கல்வி கற்று கெய்ரோவில் மருத்துவராகத் திகழ்ந்த இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288) இதை மறுத்தார். நடுச்சுவரில் துளை ஏதும் இல்லை. குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்து, அங்கிருந்தே இதயத்தின் இடப்பக்கம் திரும்புகிறது என்று விளக்கினார். அவர் மருத்துவர் மட்டுமல்லர், ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். அவரது விளக்கம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1924ஆம் ஆண்டில்தான் எகிப்திய மருத்துவரான முஹ்யித்தீன் அத்தத்தாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப்படியில் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். இதற்கிடையே, 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி உடல் முழுவதும் குருதி சுழன்று வருவதை நிறுவியிருந்தார்.

குருதி சுழன்று வருகிறது என்பதிலேயே புற்றுநோய் மருத்துவத்தின் பெருஞ்சிக்கலும் அடங்கியிருக்கிறது. கையின் நரம்பில் ஏற்றும் மருந்து இதயத்தை அடைந்து, நுரையீரலைச் சுற்றி, சில நிமிடங்களில் தலைமுதல் கால்வரை பரவிவிடுகிறது. மார்பில் உள்ள கட்டிக்கென ஏற்றிய மருந்து மயிர்க்காலுக்கும் போகிறது, குடலுக்கும் போகிறது, இதயத்தசைக்கும் போகிறது. எதிரி ஒரு வீட்டில் ஒளிந்திருக்க, ஊர் முழுவதும் நெருப்பு வைப்பதற்கு இது ஒப்பாகும்.

எர்லிக்கின் கனவு

இச்சிக்கலுக்கு முதன்முதலில் ஒரு வடிவம் கொடுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் (1854–1915). நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்ப்பதற்குச் சாயம் ஏற்றுவது அவரது தொடக்ககாலப் பணி. ஒரு சாயம் ஒருவகை உயிரணுவில் மட்டும் ஒட்டுவதையும், அதன் பக்கத்தில் இருக்கும் மற்றோர் அணுவைத் தொடாமல் விடுவதையும் அவர் கண்டார். சாயம் இவ்வாறு ஆளறிந்து ஒட்டுமானால், நஞ்சையும் ஆளறிந்து ஒட்டச்செய்ய முடியாதா என்பது அவருள் எழுந்த கேள்வி. நோய்க்கிருமியை மட்டும் தாக்கி, மனித உடலை விட்டுவிடும் மருந்துக்கு ‘மாயத் தோட்டா’ என்று பெயரிட்டார்.

1909இல் அவரது ஆய்வுக்கூடத்தில் ஜப்பானிய அறிஞர் சஹாச்சிரோ ஹாட்டா 606ஆம் எண்ணிட்ட ஆர்செனிக் சேர்மத்தைச் சோதித்து, அது மேகப்புண்ணின் கிருமியைக் கொல்வதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு அது சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் புற்றுநோய்க்கு அத்தகைய தோட்டா கிட்டவில்லை. கிருமி வெளியிலிருந்து வந்த அந்நியன். புற்றணுவோ நம் சொந்த அணுதான். கட்டுப்பாட்டை இழந்து பெருகுகிறது, அவ்வளவே. சொந்த அணுவில் கெட்டதை மட்டும் பிரித்தறியும் வழி அன்று எவருக்கும் தெரியவில்லை.

போர்க்களத்து நஞ்சும் மதராஸில் படித்த மருத்துவரும்

கீமோ மருத்துவம் பிறந்த இடம் வியப்புக்குரியது. முதல் உலகப்போரில் மஸ்டர்ட் வாயு என்னும் நச்சுவாயுவைப் பயன்படுத்தினர். அதற்கு ஆளானவர்களின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் பெரிதும் குறைந்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். வெள்ளையணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் புற்றுநோய்க்கு இதே நஞ்சு மருந்தாகாதா என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் ஆகியோர் சிந்தித்தனர். 1942இல் நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒரு நோயாளிக்கு நைட்ரஜன் மஸ்டர்டை நரம்பின் வழியே செலுத்தினர். கட்டிகள் சுருங்கின, ஆயினும் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தன. அந்நோயாளி அதே ஆண்டின் இறுதிக்குள் இறந்துபோனார். போர்க்கால இரகசியம் என்பதால் இம்முடிவுகள் 1946இல்தான் வெளியாயின.

இதே காலத்தில் மற்றொரு பாதையைத் திறந்தவர் நம் மண்ணோடு தொடர்புடையவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை அணிந்த காரணத்தால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டிலும், லெடர்லி ஆய்வகத்திலும் பணியாற்றினார். அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதைப்போலவே தோற்றமளித்து அணுவை ஏமாற்றும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய சேர்மங்கள் அவரது குழுவின் உழைப்பில் உருவாயின.

பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர், 1947இன் இறுதியில் இரத்தப் புற்றுநோயால் சாவின் விளிம்பில் இருந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என 1948இல் அவர் அறிவித்தார். அது தற்காலிகத் தணிவுதான்; எனினும் அதுவரை எந்த மருந்தாலும் அசைக்க முடியாத நோய் முதன்முறையாகப் பின்வாங்கியது. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே மறைந்தார். மெத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

இம்மருந்துகள் அனைத்துக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. விரைந்து பெருகும் அணு எதுவாயினும் அவை தாக்கும். மயிர்க்கால், குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுபவையே. முடி கொட்டுவதும், குமட்டுவதும், இரத்த அணுக்கள் குறைந்து தொற்று நோய்கள் பற்றிக்கொள்வதும் இதனால்தான். மருந்தின் அளவைக் கூட்டினால் நோயாளி தாங்கமாட்டார், குறைத்தால் நோய் தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே மருத்துவர்கள் நடக்கும் பாதை மிகக் குறுகியது.

கொழுப்புக் குமிழி

ஊர் முழுவதும் நெருப்பு வைக்காமல் மருந்தைப் பொட்டலமாகக் கட்டி அனுப்ப முடியுமா? இதற்கான விடை மருந்தைத் தேடாத ஒருவரிடமிருந்து வந்தது. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வகத்தில் இருந்த அலெக் பேங்கம், 1960களின் தொடக்கத்தில் லெசித்தின் என்னும் கொழுப்பை நீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே சுருண்டு, உள்ளே நீர் நிரம்பிய நுண்குமிழிகளாக மாறியிருந்தது. உயிரணுவின் மேலுறையும் இவ்வகைக் கொழுப்பால் ஆனதே. இக்குமிழிகளுக்குப் பின்னர் லிப்போசோம் என்ற பெயர் வந்தது. 1970களில் கிரிகோரி கிரிகோரியாடிஸ் முதலியோர் இவற்றை மருந்து சுமக்கும் கலன்களாக்க முயன்றனர்.

முயற்சி எளிதில் கைகூடவில்லை. உடலின் காவல் அணுக்கள் இக்குமிழிகளை அந்நியப் பொருள் என்று கண்டு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் விழுங்கிவிட்டன. குமிழியின் மீது பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பும் இழைகளைப் போர்த்திய பின்னரே அவை இரத்தத்தில் நெடுநேரம் உலவின. புற்றுக்கட்டி அவசர அவசரமாக இரத்தக் குழாய்களைக் கட்டிக்கொள்வதால் அவற்றின் சுவரில் இடைவெளிகள் இருக்கும். அவ்விடைவெளி வழியே பெரிய மூலக்கூறுகள் கசிந்து கட்டியில் தேங்குவதை ஜப்பானின் ஹிரோஷி மாயேதாவும் யசுஹிரோ மட்சுமுராவும் 1986இல் எடுத்துரைத்தனர்.

டாக்சோரூபிசின் என்னும் வலிய மருந்து இதயத்தைப் பழுதாக்கக்கூடியது. அதை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள குமிழியில் அடைத்துச் செய்த டாக்சில் என்ற மருந்துக்கு 1995இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்க ஒப்புதல் பெற்ற நானோ மருந்துகளில் முதலாவதாகக் கருதப்படுவது இதுவே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு நானோமீட்டர். இதயத்துக்கு நேரும் தீங்கு குறைந்தது; அதேவேளையில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் புதிய துன்பம் ஒன்று சில நோயாளிகளுக்கு வந்தது. 2005இல் பாக்லிடாக்சல் மருந்தை ஆல்புமின் புரதத்தில் ஏற்றிய வடிவம் வந்தது. 2013இல், மார்பகப் புற்றணுவின் மீதுள்ள ஹெர்2 புரதத்தை அறிந்து ஒட்டும் எதிர்ப்புரதத்தோடு நஞ்சைப் பிணைத்த மருந்தொன்று ஒப்புதல் பெற்றது. எர்லிக்கின் மாயத் தோட்டாவுக்கு மிக நெருங்கி வந்தது இதுவே.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர் பலர் கொரோனாக் காலத்தில் போட்டுக்கொண்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும், மருந்தைக் கொழுப்புத் துகளில் பொதிந்து அனுப்பும் இதே முறையில் வந்தவைதாம்.

இங்கே ஓர் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பேங்கமின் முக்கிய ஆய்வுரை வெளிவந்தது 1965இல். அதன் வழிவந்த புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 1995இல். இடைப்பட்டவை 30 ஆண்டுகள்.

அதன் பின்னும் குறி முழுமையாக வாய்க்கவில்லை. பத்தாண்டுக்கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் டொராண்டோ அறிஞர்கள் வெளியிட்ட கணக்கின்படி, உடலில் செலுத்திய நானோத்துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பாக வெறும் 0.7 விழுக்காடு. மீதி அனைத்தும் வேறிடம் போய்விடுகின்றன. குமிழிக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை; இரத்தம் அடித்துச் செல்லும் இடத்துக்குப் போகிறது. தானே நகரும் கருவி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு இதுவே காரணம்.

விழுங்கத்தக்க மருத்துவர்

அந்த எண்ணம் ஏற்கெனவே பிறந்திருந்தது. 1959 டிசம்பர் 29 அன்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையொன்றில், பொருள்களை அணு அளவுக்குச் சிறிதாக்கிச் செய்வதற்கு இயற்கை எத்தடையும் விதிக்கவில்லை என்றார். தம் நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸ் கூறிய விந்தையான கருத்து ஒன்றையும் எடுத்துச் சொன்னார்: அறுவை மருத்துவரையே விழுங்கிவிட்டால் என்ன? ஓர் இயந்திர மருத்துவர் குருதிக்குழாய் வழியே இதயத்துக்குச் சென்று, பழுதான வால்வைச் சீர்செய்து திரும்பலாம். 1966இல் வெளிவந்த ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ என்ற திரைப்படம், சுருங்கிய நீர்மூழ்கிக் கப்பலில் மருத்துவர்கள் ஒரு மனிதனின் இரத்தத்தில் பயணிப்பதைக் காட்டியது. இன்றைய வாட்ஸ்அப் காணொளிகளின் மூதாதை அப்படமே.

ஆனால் சிறிய உலகின் விதிகள் வேறு. 1977இல் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் அதை அழகுற விளக்கினார். நாம் நீந்தும்போது கையால் ஒருமுறை தள்ளினால் சிறிது தூரம் மிதந்து செல்கிறோம். நுண்ணுயிர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் தண்ணீரே கட்டித்தேன் போலாகிவிடும். உந்துவதை நிறுத்திய கணமே நகர்வும் நின்றுவிடும். அங்கே மீனைப் போல் துடுப்பை முன்னும் பின்னும் அசைத்தால், முன்னே போன தூரமே பின்னேயும் வந்து, இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பாக்டீரியாக்களோ சுருள் வடிவ வாலைத் திருகாணி போலச் சுழற்றி முன்னேறுகின்றன. மனிதன் கணக்கிட்டுக் கண்டறிந்த தீர்வு, படைப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் முன்பே அமைந்திருந்தது.

மற்றொரு தடையும் உண்டு. அத்துணைச் சிறிய கருவிக்குள் மின்கலம் வைக்க இடமில்லை. உந்துவிசை வெளியிலிருந்து வரவேண்டும், அல்லது உடலிலேயே கிடைக்க வேண்டும்.

காந்தமும் பாக்டீரியாவும்

வெளியிலிருந்து உந்துவதற்குக் காந்தப்புலம் ஏற்றது; அது தோலையும் எலும்பையும் ஊடுருவும், உடலுக்குத் தீங்கும் செய்யாது. 2009இல் அம்பரீஷ் கோஷும் பீர் ஃபிஷரும் கண்ணாடிப்பொருளால் நானோ அளவுத் திருகாணிகளைச் செய்து, காந்தப்பூச்சு இட்டு, சுழலும் காந்தப்புலத்தால் திரவத்தில் விரும்பிய பாதையில் செலுத்திக் காட்டினர். கோஷ் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். 2014இல் அவரது குழு இத்திருகாணிகளை மனித இரத்த மாதிரியில் நீந்தச் செய்தது. சூரிச் நகரில் பிராட்லி நெல்சன் குழுவினரும் இதே வழியில் முன்னேறினர்.

கனடாவின் மாண்ட்ரியால் நகரில் சில்வேன் மார்ட்டெல் வேறொரு வழியைத் தேர்ந்தார். எம்.ஆர்.ஐ. இயந்திரமே ஒரு பெருங்காந்தம் அல்லவா? அதைக்கொண்டு உயிருள்ள பன்றியின் கழுத்துத் தமனியில் 1.5 மில்லிமீட்டர் இரும்பு மணி ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். இம்முடிவு 2007இல் வெளியானது. ஆனால் கட்டியின் உள்ளே உள்ள மயிரிழைக் குழாய்களில் மணி நுழையாது. அங்கே செல்வதற்கு அவர் உயிருள்ள பணியாளைத் தேடினார்.

பூமியின் காந்தத்தை உணர்ந்து திசையறியும் பாக்டீரியாக்களைப் பற்றி ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் அறிவித்திருந்தார். அவற்றின் உடலில் காந்தத் துகள்கள் மணிமாலை போல வரிசையாக அமைந்திருக்கும். அவற்றுள் ஒருவகை, உயிர்வளி குறைந்த இடத்தையே நாடிச்செல்லும். புற்றுக்கட்டியின் நடுப்பகுதிக்குப் போதிய இரத்தம் செல்லாததால் அங்கே உயிர்வளி குறைவு. சாதாரண மருந்து எட்டாத இடமும் அதுவே. மார்ட்டெல் குழுவினர் ஒவ்வொரு பாக்டீரியாவின் மீதும் மருந்து நிறைந்த ஏறத்தாழ 70 லிப்போசோம்களை ஒட்டினர். எலிகளின் கட்டிக்கு அருகே அவற்றைச் செலுத்தி, காந்தத்தால் வழிகாட்டினர். 55 விழுக்காடு வரை கட்டியின் உயிர்வளி குறைந்த பகுதிக்குள் புகுந்தன என 2016இல் தெரிவித்தனர். 0.7 என்ற எண்ணோடு இதை வைத்துப் பார்த்தால் அந்த முன்னேற்றத்தின் அளவு புரியும். ஆயினும் கட்டியின் அருகிலேயே ஊசி போட்டனர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பூட்டும் சாவியும்

நகர்வது ஒரு திறன் என்றால், ஆளறிவது மற்றொரு திறன். 2006இல் பால் ராத்மண்ட், மரபணுப் பொருளான டி.என்.ஏ. இழையைக் காகிதம் மடிப்பது போல மடித்து விரும்பிய உருவங்களைச் செய்யலாம் என்று காட்டினார். 2012இல் ஹார்வர்டில் ஷான் டக்ளஸ், இடோ பாஷ்லே, ஜார்ஜ் சர்ச் ஆகியோர் டி.என்.ஏ.வால் ஒரு நுண்பேழையைச் செய்து இரண்டு பூட்டுகள் இட்டனர். குறித்த அணுவின் மீதுள்ள புரதங்கள் இரண்டும் சாவிகளாகப் பொருந்தினால்தான் பேழை திறக்கும்.

2018இல் சீன நானோ அறிவியல் மையத்தின் ஆய்வாளர்களும் அரிசோனாவின் ஹாவ் யானும் இதை ஒருபடி முன்னே கொண்டுசென்றனர். இரத்தத்தை உறையச்செய்யும் திராம்பின் என்ற புரதத்தை டி.என்.ஏ. தாளில் வைத்துக் குழலாகச் சுருட்டி எலிகளுக்குச் செலுத்தினர். கட்டியின் இரத்தக் குழாயை அறிந்ததும் குழல் விரிந்து, அங்கே மட்டும் இரத்தம் உறைந்தது. உணவு செல்லும் வழி அடைபடவே கட்டி பட்டினி கிடந்து அழியத் தொடங்கியது.

உடலிலிருந்தே உந்துவிசை பெறும் முயற்சியும் பலன் தந்திருக்கிறது. பார்சிலோனாவில் சாமுவேல் சான்செஸ் குழுவினர், யூரியாவைச் சிதைக்கும் நொதியை நுண்துகள் மீது ஒட்டினர். சிறுநீரில் உள்ள யூரியாவையே எரிபொருளாக்கி அத்துகள்கள் சிறுநீர்ப்பைக்குள் நீந்துகின்றன. கதிரியக்க அயோடினைச் சுமந்த அத்துகள்களை ஒருமுறை செலுத்தியதில், எலிகளின் சிறுநீர்ப்பைக் கட்டி ஏறத்தாழ 90 விழுக்காடு சுருங்கியதாக 2024 ஜனவரியில் அறிவித்தனர். சிறுநீர்ப்பை மூடிய பை போன்றது, இரத்த ஓட்டத்தின் வேகம் அங்கில்லை. அதனால் இவ்வகைச் சிகிச்சை முதலில் கைகூடும் உறுப்புகளில் அது ஒன்றாகலாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

மேலே கண்ட வெற்றிகளில் கொழுப்புக் குமிழியும், ஆல்புமின் மருந்தும், எதிர்ப்புரதத்தோடு பிணைத்த மருந்தும் மனிதர்களுக்கு வழங்கப்படுகின்றன. லிப்போசோம் மருந்துகளை இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. தானே நீந்திச் சென்று புற்றை அழிக்கும் நுண்ரோபோ எதுவும் இன்றுவரை நோயாளிகளுக்கான ஒப்புதலைப் பெறவில்லை. அவை எலியிலும் பன்றியிலும் வென்றிருக்கின்றன. எலியின் கட்டிக்கும் மனிதனின் கட்டிக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. வேலை முடிந்தபின் அக்கருவிகள் உடலில் எங்கே தங்கும், எவ்வாறு வெளியேறும், இலட்சக்கணக்கில் செலுத்தினால் நோயெதிர்ப்பு ஆற்றல் எவ்வாறு எதிர்கொள்ளும் என்பவை இன்னும் விடைகாண வேண்டிய கேள்விகள்.

எனவே இத்தகைய செய்தி நம் கைபேசிக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது விலங்கில் நடந்ததா, மனிதரில் நடந்ததா? எத்தனை பேருக்கு, எவ்வகைப் புற்றுக்குச் செய்தார்கள்? அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்திருக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் முன்பணம் கேட்கும் எவரையும் நம்புவதற்கில்லை. இல்லாத ‘நானோ ரோபோ சிகிச்சை’க்காக நகையை விற்பவரை விட, இருக்கும் சிகிச்சையை நாள் தவறாமல் பெறுபவரே புத்திசாலி. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘உம்மாவுக்கு வந்துள்ள வகைக்கு, குறிபார்த்துச் செல்லும் மருந்துகளில் ஏதேனும் பொருந்துமா? அதற்குரிய பரிசோதனை செய்தாயிற்றா?’ ஹெர்2 போன்ற பரிசோதனைகளின் முடிவைப் பொறுத்து மருந்தே மாறக்கூடும். செலவு மிகுமாயின் அரசுக் காப்பீட்டில் எது அடங்கும் என்றும் அங்கேயே விசாரிக்கலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அஸ்ஸஹ்ராவி எழுதியதில் ஒரு பகுதி இன்னும் பழையதாகவில்லை. சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வெல்லலாம் என்பதே அது. மார்பில் தட்டுப்படும் கட்டியை வெட்கத்தால் மறைக்கும் நம் பெண்களும், வாயில் ஆறாத புண்ணைப் பொருட்படுத்தாத நம் ஆண்களும் உடனே மருத்துவரிடம் காட்டினால், இன்றைய எளிய மருந்துகளே பலரைக் காப்பாற்றும்.

இப்னுன் நஃபீஸின் ஏடு நூலகத்தில் ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. சுப்பாராவ் தம் மருந்து செய்த நன்மையின் முழு அளவையும் காணாமலே மறைந்தார். அறிவு இவ்வாறுதான் கைமாறிக் கைமாறி வளர்கிறது. அடுத்த கண்ணியைச் சேர்க்கும் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்க வேண்டுமென்றால், இயற்பியலையும் உயிரியலையும் வேதியியலையும் ஒருசேர விரும்பிப் படிக்கும் ஆர்வத்தை இப்போதே அவர்களிடம் வளர்ப்போம். நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை வழங்குவானாக.